கோப்பிக்கும் ஒரு கொப்பி

திருநெல்வேலியில் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் உள்ளூர் உணவுகளை விற்று உழைக்கின்றனர். பாண், பணிஸ் விற்கும் எமது சிறு கடைகளிலும் நல்ல கோப்பி கொடுத்தால் வருமானம் கூடும் என்றே நான் சகோதரிகளுக்குச் சொல்லி வருகிறேன். பாண் வாங்க வருபவர் கோப்பியும் குடித்தால் இரண்டு வியாபாரம்.

ஆனால் தரம் முக்கியம். இடித்த தூளின் மணம் விரைவில் போய்விடும். எனவே கொட்டையைச் சிறிது சிறிதாக வறுத்து, மல்லி, சுக்குச் சேர்த்து இடித்து, காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். 150 மில்லிலீற்றர் சுடுநீருக்கு 10 கிராம் தூள் போதும்.

கோப்பிக்கெனத் தனிக் கொப்பி ஒன்றும் வைத்திருங்கள். தூள், சீனி, விறகுச் செலவோடு உங்கள் கூலியையும் அதில் எழுதிய பின்னரே விலை குறியுங்கள். குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் எமக்கு எமது உழைப்பும் முதல்தான்.