தட்டு சிறிது, நினைவு பெரிது

பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பீரோவின் அடித்தட்டில் பழந்துணியில் சுற்றி வைக்கப்பெற்ற இரண்டொரு வீடியோ காசெட்டுகள் இருக்கக் காணலாம். திருமணம், காதணி விழா, நம் சங்கத்தார் பொங்கலன்று நடித்த நாடகம் என்று அவற்றில் அடங்கிய செல்வங்கள் பல. ஆனால் அவற்றை ஓட்டிக் காட்டும் கருவிகளின் உற்பத்தியோ 2016-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. காந்த நாடாவும் ஆண்டுக்காண்டு நலிந்துகொண்டே வருகிறது. எனவே அவற்றை டி.வி.டி. தட்டுக்கு மாற்றும் முயற்சியில் நம்மவர் பலர் இறங்கியுள்ளனர். அம்முயற்சியில் நேரும் ஒரு பிழையையும், அதைத் தவிர்க்கும் வழியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்ததையே முதற்கண் கூறுகிறோம். 1998-ஆம் ஆண்டில் நடைபெற்ற தமக்கையார் திருமணம், மூன்று மணி நேரக் காசெட்டுகள் இரண்டில் பதிவாகியிருந்தது. கடையொன்றில் கொடுத்தோம். ஆறு மணி நேரப் படத்தையும் ஒரே தட்டில் அடக்கித் தந்தனர். செலவு குறைந்தது என்று மகிழ்ந்தோம். இரவு உணவுக்குப் பின் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்தோம். ஓமகுண்டமும் பந்தலும் ஓரளவு தெளிவாகவே தெரிந்தன. மாங்கல்யதாரண வேளையும் வந்தது. கெட்டிமேளம் முழங்கிற்று. நாற்புறமிருந்தும் அட்சதை பொழிந்தது. அக்கணமே படம் முழுவதும் சதுரம் சதுரமாகச் சிதறிப்போயிற்று. மறைந்த எங்கள் அன்னையார் மகளை வாழ்த்திக் கண்கலங்கி நிற்கும் காட்சி, அந்தக் காசெட்டில் அவ்விடத்தில் மட்டுமே உண்டு. “பாட்டி முகம் எங்கேப்பா?” என்று கேட்டாள் எங்கள் மகள். அவள் பாட்டியை நேரில் கண்டவள் அல்லள். அவளுக்குக் காட்ட ஒரு சதுரக் கூட்டம்தான் திரையில் இருந்தது.

சிதறியது ஏன்?

நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. டி.வி.டி.யில் ஒவ்வொரு படத்திலும் 720-க்கு 576 என்னும் கணக்கில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. இவற்றைச் சுருக்காமல் எழுதினால் விநாடிக்கு ஏறத்தாழ 124 மெகாபிட் இடம் வேண்டும். ஒரு மணி நேரப் படம் 56 ஜிகாபைட் இடத்தை விழுங்கிவிடும். சாதாரணத் தட்டின் கொள்ளளவோ 4.7 ஜிகாபைட்தான். ஆகவே சுருக்குதல் இன்றியமையாததாகிறது.

சுருக்கும் கலைக்கு அடிகோலியவர்களில் நம் நாட்டவரும் உளர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-ஆம் ஆண்டில் ஒரு கணித முறையை வெளியிட்டனர். டி.வி.டி.யில் வழங்கும் எம்பெக்-2 முறை அதன்மேல் எழுந்ததே. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைக் குறைத்தெழுதுவது அதன் இயல்பு. மேலும், முழுப்படத்தை ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு, இடைப்பட்ட படங்களுக்கு மாறுதல்களை மட்டுமே குறித்துக்கொள்ளும். அசையாத பந்தற்காலுக்குச் செலவு சொற்பம். அட்சதை பொழியும்போதோ ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. அத்தனை மாறுதலையும் எழுத இடமில்லாதபோது கட்டங்களின் எல்லைகள் வெளிப்பட்டு, படம் சதுரங்களாக உடைகிறது.

வரவு செலவுக் கணக்கு

தட்டின் கொள்ளளவைப் பிட் கணக்கில் கூறினால் 37,600 மெகாபிட் ஆகும். இதைப் படம் ஓடும் விநாடிகளால் வகுத்தால், விநாடிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பது விளங்கும். ஆறு மணி நேரத்துக்கு 1.74 மெகாபிட், மூன்று மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3.5, இரண்டு மணி நேரத்துக்கு 5.2. எங்கள் தட்டு கெட்டதன் காரணம் இக்கணக்கிலேயே தெரிகிறதன்றோ? (கணிப்பொறி இத்தட்டை 4.37 என்று காட்டும். அது 1,024-ஐ அடியாகக் கொண்டு எண்ணுவதால் வரும் வேறுபாடே. இடம் குறைந்துவிட்டதென அஞ்சவேண்டா.)

நல்வாய்ப்பாகக் காசெட்டுகளை நாங்கள் எறிந்துவிடவில்லை. ஓடும் நிலையில் இருந்த கருவியொன்றை நண்பரிடம் இரவல் பெற்று, படத்தைப் புதிதாகக் கணிப்பொறியில் ஏற்றி, பின்வரும் முறைகளைக் கையாண்டோம்.

முதலாவது, வேண்டாதவற்றை நீக்குதல். வெற்றுத் திரையும், திரும்பத் திரும்ப வரும் பூச்சுழல் அலங்காரங்களும் போனபின், முகூர்த்தக் காசெட்டு இரண்டரை மணி நேரமாயிற்று. ஒரு காசெட்டுக்கு ஒரு தட்டு என வகுத்தோம். விநாடிக்குரிய வரவு 4.1 மெகாபிட்டைத் தாண்டிற்று.

இரண்டாவது, ஒலியைச் சுருக்குதல். சுருக்கப்படாத இருவழி ஒலி விநாடிக்கு 1.5 மெகாபிட் கேட்கும். டால்பி முறையில் 192 கிலோபிட் கொடுத்தால் நாகசுரமும் தவிலும் குறையின்றி ஒலிக்கும். மிச்சமாவது படத்துக்கு ஆகும்.

மூன்றாவது, படத்தைத் துடைத்தல். பழைய நாடாவில் பொரிபொரியாகத் துள்ளும் புள்ளிகள் உண்டு. சுருக்கும் மென்பொருள் அவற்றையும் மாறுதல் என்றே எண்ணி இடத்தை வாரியிறைக்கும். புள்ளி நீக்கும் வடிப்பானை மிதமாகப் பயன்படுத்தினால் அவ்வீண்செலவு மிச்சம். மிகுதியாகப் பயன்படுத்தினாலோ முகங்கள் மெழுகுப் பொம்மை போலாகிவிடும். படத்தின் அடிவிளிம்பில் நெளியும் சில வரிகளையும் கருமையால் மறைத்துவிட வேண்டும். அவற்றால் பயன் ஏதுமில்லை. செலவு மட்டும் உண்டு.

நான்காவதே தலையாயது. அதுவே இருமுறை ஓட்டம். ஒரே அளவாக எல்லா விநாடிக்கும் பங்கிடுவது, விருந்து நாளுக்கும் வெறும் நாளுக்கும் ஒரே படி அரிசி உலையிலிடுவதை ஒக்கும். இருமுறை ஓட்டத்தில், மென்பொருள் முதல்முறை படம் முழுவதையும் பார்த்து, எங்கே அசைவு மிகுதி, எங்கே குறைவு என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாம் முறையில் அக்குறிப்பின்படி பங்கிட்டு எழுதுகிறது. விருந்தினர் அமைதியாக அமர்ந்திருக்கும் காட்சியில் மிச்சம் பிடித்து, அட்சதை பொழியும் கணத்தில் தாராளமாகச் செலவிடுகிறது. சராசரியை 3.8 என்றும், உச்ச எல்லையை 8 மெகாபிட் என்றும் அமைத்தோம். நேரம் இருமடங்காயிற்று, தட்டின் இடமோ ஓர் அணுவும் கூடவில்லை.

வேறு வழிகளும் உள

நான்கு மணி நேரத்தை ஒரே தட்டில் அடக்கியே தீரவேண்டுமாயின், படத்தின் அகலத்தை 720 புள்ளியிலிருந்து 352 ஆகக் குறைக்கலாம். டி.வி.டி. விதி இதை ஏற்கிறது. வீட்டு நாடாவில் உள்ள தெளிவே ஏறத்தாழ 240 கோடுகள்தாம். ஆதலின் இழப்பு பெரிதன்று. இல்லையேல் 8.5 ஜிகாபைட் கொண்ட இரட்டைப் படலத் தட்டை வாங்கலாம்.

தட்டில் ஏற்றாமல் பென்டிரைவ் வழியாகத் தொலைக்காட்சியில் பார்ப்போருக்கு 2003-ஆம் ஆண்டில் வந்த எச்.264 முறை ஏற்றது. எம்பெக்-2 கேட்கும் இடத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே அது அதே தெளிவைத் தரும். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் இதற்கு உதவும். இருமுறை ஓட்டமும் அதில் உண்டு. ஆயின் பழைய டி.வி.டி. கருவிகள் பல இம்முறையை அறியா. ஊரில் உள்ள பெரியவர்கள் வீட்டில் எந்தக் கருவி உள்ளதென்று கேட்டறிந்த பின்னரே அனுப்புதல் நன்று.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒருமுறை சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் குறைகள் பெருகுமேயன்றி ஒருபோதும் மறையா. சிதறிய தட்டிலிருந்து நல்ல படம் எடுத்துத் தருவோம் என்பாரை நம்பற்க. மூலக் காசெட்டிலிருந்தே தொடங்குக. கணிப்பொறியில் முதன்முதல் ஏற்றிய பதிவை வன்தட்டில் தனியே காத்து வைக்க வேண்டும். இன்னொரு படியை ஊரில் உடன்பிறந்தார் வீட்டில் வைப்பது அதனினும் நன்று. தட்டு வந்ததும் மூலத்தைக் குப்பையில் எறிவது மீட்கவியலாத இழப்பாகும்.

புதிய தட்டை அடுத்த ஞாயிறன்று போட்டுப் பார்த்தோம். கெட்டிமேளம் முழங்கிற்று, அட்சதை மணிமணியாகப் பொழிந்தது. அதனூடே அன்னையாரின் முகம் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “பாட்டி அழறாங்களா, சிரிக்கிறாங்களா?” என்று எங்கள் மகள் கேட்டாள். இரண்டும்தான் என்றோம். மீண்டும் ஒருமுறை போடச் சொன்னாள்.