காய்ச்சல், சர்க்கரை, ஒரு மடக்குத் தண்ணீர்

பக்கவாதச் சிகிச்சை என்றதும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும், கட்டியை ரத்தக்குழாய் வழியாகவே இழுத்தெடுக்கும் முறையும்தான் பேச்சில் அடிபடும். பெரிய முன்னேற்றங்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் 2011இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை. செவிலியர் துறைப் பேராசிரியர் சாண்டி மிடில்டன் தலைமையிலான குழு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளை இரு தரப்பாகப் பிரித்தது. ஒரு தரப்பில் செவிலியர்களுக்கு மூன்று வேலைகளில் பயிற்சி: முதல் 72 மணி நேரம் உடல் வெப்பத்தைப் பார்த்து, 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டதுமே பாராசிட்டமால் கொடுப்பது. ரத்தச் சர்க்கரை ஏறினால் இறக்குவது. நோயாளியால் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது. மறு தரப்புக்கு வழிகாட்டி நெறிகளின் சுருக்கம் மட்டும் தரப்பட்டது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பழையபடி இயங்க முடியாமல் போனவர்களும் மறு தரப்பில் 58 சதவீதம். பயிற்சி பெற்ற வார்டுகளில் 42 சதவீதம்.

நரம்பியல் வார்டில் செவிலியரின் கவனிப்பை மருத்துவத்துக்குத் துணை வேலையாக எண்ணுவது தவறு, அதுவே ஒரு சிகிச்சை என்று சொல்ல இந்த வித்தியாசம் இடம் தருகிறது. காரணமும் விளங்காததல்ல. அடைப்பு ஏற்பட்டதும் செத்துப்போகும் திசுவைச் சுற்றி, ரத்தம் குறைந்து தள்ளாடும் திசு கொஞ்சம் மிச்சமிருக்கும். காய்ச்சல் அதன் ஆக்சிஜன் தேவையைக் கூட்டுகிறது. ஆக்சிஜன் போதாத செல்களில் அதிகச் சர்க்கரை அமிலமாகத் தேங்குகிறது. விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்கு உணவு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அதிலிருந்து மறுபடியும் காய்ச்சல். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை.

ஒரு மறுப்பு இங்கே எழும், அது நியாயமானதும்கூட. 2019இல் வெளியான ‘ஷைன்’ என்ற அமெரிக்க ஆய்வு, இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றிச் சர்க்கரையை 80 முதல் 130க்குள் இறுக்கிப் பிடித்தாலும் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்ட மறு தரப்பும் கவனிப்பில்லாமல் விடப்படவில்லை. அவர்களின் சர்க்கரையும் 180க்குக் கீழே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே கட்டுப்பாட்டை மேலும் இறுக்குவதில் லாபமில்லை என்றுதான் அதிலிருந்து தெரிகிறது. பார்க்காமலே விட்டுவிடலாம் என்று தெரியவில்லை. ஆஸ்திரேலிய ஆய்வில் மூன்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“ஸ்கேன் இருக்கும்போது செவிலியர் மணிக்கொரு தரம் கையைத் தூக்கு, பெயரைச் சொல் என்று கேட்பானேன்?” என்பது இன்னொரு கேள்வி. ஸ்கேன் எடுத்த நேரத்து மூளையைத்தான் அது காட்டும். கட்டி கரைக்கும் ஊசி போட்டபின் மூளைக்குள் ரத்தம் கசியலாம். அதனால்தான் முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு முறை நோயாளியைச் சோதிக்கிறார்கள். அவசரமாக மறு ஸ்கேன் எப்போது தேவை என்பதையே இந்தச் சோதனைதான் சொல்கிறது. ஆளுக்கு ஆள் கணிப்பு மாறாதா? மாறும். 1974இல் மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் கிளாஸ்கோவில் நினைவுநிலை அளவுகோலை வகுத்ததே இந்தச் சிக்கலுக்காகத்தான். ‘அரை மயக்கம்’ போன்ற வழவழப்பான சொற்களைத் தள்ளிவிட்டு, கண் திறப்பு, பேச்சு, கை கால் அசைவு என்ற மூன்றையும் தனித்தனியே குறிக்கச் சொன்னார்கள். மொத்த மதிப்பெண் 3 முதல் 15 வரை. கூட்டுத்தொகையை மட்டும் எழுதி வைப்பது இன்றும் பல இடங்களில் காணும் சோம்பல். பேச்சு குழம்பியதால் ஒன்று குறைந்ததா, கை அசைவு மங்கியதால் குறைந்ததா என்பது அதில் மறைந்துபோகிறது.

விழுங்கும் சோதனைக்குத் திரும்புவோம். நம் ஊர் வார்டுகளில் வாயில் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் உடன் இருக்கும் உறவினர்தான். இரவில் ஒரே செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கும்போது இந்தச் சோதனை தள்ளிப்போகவும் கூடும். விழுங்க முடியாத எல்லோருக்கும் புரை ஏறி இருமல் வரும் என்றும் நினைத்துவிட வேண்டாம். சிலருக்குச் சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் போய்விடும். எனவே பக்கவாத நோயாளியோடு இருப்பவர்கள், “விழுங்கும் சோதனை ஆயிடுச்சா சிஸ்டர்?” என்று முதலில் கேளுங்கள். ஆகும்வரை காபியோ கஞ்சியோ மட்டுமல்ல, மாத்திரை போட ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.