கொச்சிக்கடைச் சாட்சிகள்: மீட்பு கூலியா, கொடையா?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொட்டாஞ்சேனைப் பகுதியிலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. சரியாக ஆறு ஆண்டுகளின் பின்னர், 2025 ஏப்ரல் 21ஆம் திகதி, அன்றைய தாக்குதல்களில் உயிரிழந்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்கள் வத்திக்கானின் 'விசுவாசத்தின் சாட்சிகள்' பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளதாகக் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் காலமானதும் அதே நாளில்தான்.

இவ்வறிவிப்பைப் புனிதர் பட்டம் எனப் பலர் விளங்கிக்கொண்டனர். அது சரியன்று. 2025 யூபிலி ஆண்டை முன்னிட்டு 2023இல் பிரான்சிஸ் அமைத்த ஆணைக்குழுவொன்று தொகுத்த பட்டியலே இது. அருளாளர், புனிதர் நிலைகளுக்கான விசாரணை வேறானது, நீண்டது.

இங்கு 'சாட்சி' என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கர் மறைசாட்சி என்பர். புரட்டஸ்தாந்தர் இரத்தசாட்சி என்பர். இதற்குரிய கிரேக்கச் சொல்லின் மூலப்பொருளும் சாட்சி என்பதே. அரபு மொழியின் 'ஷஹீத்' என்ற சொல்லுக்கும் அதே வேர்ப்பொருள்தான். எனினும் அன்று குண்டைச் சுமந்து வந்தவர்கள் சுவனத்தைக் கூலியாக எதிர்பார்த்தே வந்தனர். மன்றாடச் சென்ற இடத்தில் மாண்டவர்களோ எந்தப் பேரத்தோடும் செல்லவில்லை. ஆகவே, இறைவன் தரும் வெகுமதி என்பதுதான் என்ன என்ற வினா கொழும்புவாசிகளுக்கு வெறும் வேதசாத்திர வினாவன்று.

கிறிஸ்தவ போதனையின்படி மீட்பு கூலியன்று, கொடை. மனிதன் தன் நற்செயல்களால் அதனை விலைகொடுத்து வாங்க இயலாது என்பது பவுலடிகளின் நிலைப்பாடு. செயலற்ற விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் எச்சரிக்கை. இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்ற தகராறில் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திருச்சபை பிளவுண்டது. 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி ஜேர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இது குறித்துக் கூட்டுப் பிரகடனமொன்றில் கைச்சாத்திட்டனர். மெதடிஸ்தர் 2006இல் அதனை ஏற்றனர். வெள்ளவத்தையில் மெதடிஸ்த தேவாலயத்துக்கும் கத்தோலிக்க ஆலயத்துக்கும் செல்வோரிடையே இவ்விடயத்தில் இன்று பெரும் பிணக்கு இல்லை.

சைவ, வைணவ வாசகர்களுக்கு இது அந்நியமான விவாதமன்று. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா பக்தன் என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டது இதே வினாவைத்தான். எவரும் தம் அமல்களால் மட்டும் சுவனம் புகுவதில்லை, அல்லாஹ்வின் அருள் சூழ்ந்தாலன்றி என்ற கருத்துடைய நபிமொழியை முஸ்லிம் வாசகர்கள் அறிவர்.

அப்படியாயின் வெகுமதிக்கு இடமெங்கே? பவுல் இதற்கொரு கட்டடக்காரரின் உவமை சொல்கிறார். அத்திவாரம் ஒன்றே; அது கிறிஸ்து. அதன்மேல் ஒருவர் பொன்னாலும் கட்டலாம், வைக்கோலாலும் கட்டலாம். தீ அதனைச் சோதிக்கும். நிலைத்ததைக் கட்டியவருக்குக் கைம்மாறு உண்டு. எரிந்துபோனதைக் கட்டியவர் அதனை இழப்பார், ஆயினும் தாம் தப்பித்துக்கொள்வார். அதாவது மீட்பு வேறு, வெகுமதி வேறு. முன்னையது பெறப்படுவது, பின்னையது அதன்பின் வாழ்ந்த வாழ்வுக்கு உரியது. ஆன்மிக வளர்ச்சி என்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம். பாலுண்ணும் குழந்தை திட உணவுக்குப் பழகுவதுபோல் என எபிரேயருக்கான மடல் அதனை வர்ணிக்கிறது. அன்பு, பொறுமை, சாந்தம், தன்னடக்கம் முதலியனவே அதன் கனிகள். பிறரை அழிக்கும் ஆவேசம் அவ்வரிசையில் இல்லை.

நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியிலும் கேட்கப்படுவது பசித்தவருக்கு உணவளித்தாயா, சிறையிலிருந்தவரைப் பார்க்கச் சென்றாயா என்பதே. வெகுமதி பெறுவோர் அங்கு வியந்து நிற்கிறார்கள், தாம் எப்போது அவ்வாறு செய்தோம் என்று. கணக்கு வைத்துக்கொண்டு செய்தவர்களுக்கு அந்த வியப்பு வராது.

தாக்குதலின் பின் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, தாக்குதல்தாரிகளின் உடல்களை ஏற்று அடக்கம் செய்யப்போவதில்லை என அறிவித்தது. கொச்சிக்கடை ஆலயம் திருத்தியமைக்கப்பட்டு 2019 ஜூன் மாதம், அந்தோனியார் திருவிழாவையொட்டி மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரியுடன் அங்கு செல்வோரில் இந்துக்களும் பௌத்தர்களும் இருப்பது வழமை. வத்திக்கானின் 167 பெயர்களோ கத்தோலிக்கருடையவை. அதே காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்ட சிறுவர்கள் அவ்வெண்ணிக்கையில் அடங்கார். அவர்களின் சபையில் புனிதர் பட்டமளிக்கும் மரபும் இல்லை.