பயோமெடிக்கலா, பயோ என்ஜினியரிங்கா?



நீங்கள் அன்பளிப்பாய்த் தரும் டயாலிசிஸ் இயந்திரம் பழுதாகி நின்றால், தவிப்பது நோயாளிதான். அதை ஓடச் செய்பவரும் மருத்துவ ஊழியரே. அந்தப் பணிக்கு எதைப் படிப்பது என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பயோமெடிக்கல் என்ஜினியரிங்கில் இ.சி.ஜி., வென்டிலேட்டர் போன்ற கருவிகளை வடிவமைக்கவும் பராமரிக்கவும் கற்கிறார்கள். எலெக்ட்ரானிக்ஸும் உடலியலும் இதில் முக்கியம். பயோ என்ஜினியரிங்கின் எல்லை பெரிது. உயிரணு, திசு, மருந்து உற்பத்தி, வேளாண்மை வரை செல்லும்.

ஆனால் பெயரை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயர் பயோமெடிக்கல். பெர்க்லியில் பயோ என்ஜினியரிங். மருத்துவக் கருவிகள் இரண்டிலும் உண்டு. நம் வேலூர் சி.எம்.சி.யிலும் பெயர் பயோ என்ஜினியரிங்தான். அங்கு ஆராய்வதோ நரம்பு, தசை இயக்கமும் அதற்கான கருவிகளும்.

ஆகவே, நான்கு ஆண்டுப் படிப்புக்குப் பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருத்துவமனைப் பயிற்சி உண்டா? எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகம் உண்டா? முன்பு படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? கருவிகளோடு பணிசெய்ய விரும்பும் பிள்ளைக்கு, இந்த மூன்றுக்கும் நல்ல பதில் தரும் கல்லூரியே ஏற்றது. உங்கள் சபைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.