உள்ளத்துள் நிகழும் உரையாடல்

திருக்கோயிலின் திருச்சுற்றை வலம் வரும்பொழுது நம் வாய் மூடியிருக்கிறது, கைகள் குவிந்திருக்கின்றன. ஆயினும் உள்ளத்தினுள்ளே பேச்சு ஓய்வதில்லை. சொத்துப் பங்கீட்டில் மனக்கசப்புற்ற தமையனாரோடு அங்கே வாதம் நடைபெறுகிறது. "அன்றைக்கு அத்தனை பேர் முன்னிலையில் அப்படிச் சொன்னீர்களே, அண்ணா, அது முறைதானா?" என்று நாம் வினவுகிறோம். அவர் தடுமாறுகிறார். மேலும் நான்கு வினாக்களைத் தொடுக்கிறோம். அவர் வாயடைத்து நிற்கிறார். மூன்றாம் சுற்று முடிந்து கொடிமரத்தின் முன் வந்து விழுந்து வணங்குவதற்குள் வழக்கு நமக்குச் சார்பாகத் தீர்ந்துவிடுகிறது. மெய்யான தமையனாரோ, இவற்றுள் எதனையும் அறியாதவராய்த் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார்.

எதிரில் இல்லாத ஒருவரோடு இவ்வாறு மனத்துள் பேசுதல் மனித இயல்பேயாகும். இதனை எண்ணி எவரும் நாணவோ அஞ்சவோ வேண்டுவதில்லை. சிறு குழந்தை விளையாடும்பொழுது, "இதை இங்கே வை, அது விழுந்துவிடும்" என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். வளர வளர அப்பேச்சு வெளியே கேட்பதில்லை. அது மறைந்துவிடவில்லை என்றும், உள்ளே சென்று சிந்தனைக்குத் துணையாகிறது என்றும் உருசிய நாட்டு உளவியல் அறிஞர் லெவ் வைகோட்ஸ்கி, 1934-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கினார். பிறரோடு பேசிப் பழகிய பேச்சே உட்புகுந்திருப்பதால், அது உள்ளேயும் ஓர் எதிராளியைத் தேடிக்கொள்வதில் வியப்பில்லை.

உதடு அசையாத பேச்சின் வலிமையை நம் முன்னோர் ஐயுற்றதேயில்லை. செபத்தை வாசிகம், உபாம்சு, மானசம் என மூவகையாக வகுத்தவர்கள், மனத்துள் உருவேற்றும் மானசத்தையே தலையாயதாகக் கொண்டனர். திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் வரலாறும் அன்பர்கள் அறிந்ததே. பொருள், கருவி, தச்சர் அனைத்தையும் மனத்தாலேயே தேடி, இரவிலும் உறங்காது அவர் எழுப்பிய கோயிலுக்காகவே, காஞ்சியில் பல்லவ மன்னர் அமைத்த கற்றளியின் குடமுழுக்கு நாள் தள்ளி வைக்கப்பட்டது என்று சேக்கிழார் பெருமான் அருளியுள்ளார். மனத்துள் நிகழ்வது வெறும் நிழல் என்று ஒதுக்கத்தக்கதன்று.

தமிழ் இலக்கணமும் இதற்கு இடம் வகுத்திருக்கிறது. ஞாயிறு, திங்கள், கடல், விலங்கு, மரம், பறவை, தனிமையுறுத்தும் பொழுது, நெஞ்சு முதலியவை பேசுவன போலவும் கேட்பன போலவும் வைத்துச் சொல்லலாம் என்று தொல்காப்பியத்துச் செய்யுளியல் இசைவளிக்கிறது. திருவள்ளுவரோ 'நெஞ்சொடு கிளத்தல்' (125), 'நெஞ்சொடு புலத்தல்' (130) என இரண்டு அதிகாரங்களையே இதற்கென அமைத்தார். அவருடைய நெஞ்சம் அவர் பக்கமே நிற்கிறது, என் நெஞ்சமே, நீ மட்டும் ஏன் என் பக்கம் நிற்க மறுக்கிறாய் என்று தலைவி பிணங்குகிறாள். நெஞ்சம் ஒன்றும் சொல்வதில்லை. நம்மாழ்வார் திருவாய்மொழியில் நான்கு திருப்பதிகங்களில் பறவைகளைத் தூதாக விளிக்கிறார். அப்பறவைகளின் வாயில் அவர் ஒரு மறுமொழியையும் இட்டு நிரப்பவில்லை.

நம் உள்ளத்து உரையாடல் வேறுபடுவது இவ்விடத்தில்தான். நாம் எதிராளியின் மறுமொழியையும் நாமே எழுதிவிடுகிறோம்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சேம்சு அனிகட் இத்தகைய கற்பனை உரையாடல்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 2003-இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். இவற்றால் விளையும் நன்மைகளை அவர் மறைக்கவில்லை. மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கப் போகும் முன் சொற்களை ஒத்திகை பார்த்துக்கொள்ள இவை உதவுகின்றன. அடக்கி வைத்த சினம் தணிய வழியாகின்றன. அயலூரில் இருக்கும் மகனோ மகளோ அருகில் இருப்பது போன்ற ஆறுதலைத் தருகின்றன. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இவ்வுரையாடல்களில் பெரும்பாலும் நாமே மிகுதியாகப் பேசுகிறோம். மற்றவர்க்குக் கிடைப்பது சில சொற்களே. மேலும், முடிந்திருக்க வேண்டிய பூசல் மனத்துள் மீண்டும் மீண்டும் நடத்தப்படுவதால், ஆளே எதிரில் இல்லாத நாள்களிலும் அது உயிரோடு காக்கப்படுகிறது.

இரண்டாவது செய்தி நம் குடும்பங்களுக்கு நன்கு பொருந்தும். ஒரு வரப்புக்காகவோ, திருமண அழைப்பில் பெயர் விடுபட்டதற்காகவோ ஒரு நாள் நேர்ந்த சொற்போர், ஓராண்டில் முந்நூறு முறை உள்ளே நடந்துவிடுகிறது. உண்மையில் தமையனார் சொன்னது ஒரே ஒரு கடுஞ்சொல். உள்ளே இருக்கும் தமையனாரோ நாளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அச்சொற்களை ஆக்கியவர் நாமே. அவற்றின் கணக்கு மட்டும் அவர் பெயரில் ஏறுகிறது! பத்தாண்டுகள் சென்று தங்கையின் பேரக் குழந்தைக்குக் காதுகுத்தும் விழாவில் அவரைக் காண நேர்ந்தால், அங்கே நிற்பவர் மூட்டு வலியால் கைத்தடி ஊன்றிய ஒரு முதியவர். "எப்போ வந்தே? சாப்பிட்டியா?" என்கிறார். நாம் ஆயத்தம் செய்து வைத்த நூறு வாதங்களுள் ஒன்றுகூட அக்கேள்விக்கு விடையாகப் பொருந்துவதில்லை.

இதனையும் வள்ளுவப் பெருந்தகை விட்டுவைக்கவில்லை. 'புணர்ச்சி விதும்பல்' (129) என்னும் அதிகாரத்தில், அவரைக் காணும்பொழுது அவர் குற்றங்கள் என் கண்ணில் படுவதில்லை என்றும், காணாதபொழுது குற்றங்களைத் தவிர வேறொன்றும் படுவதில்லை என்றும் தலைவி கூறுகிறாள். காதலர் ஊடலைப் பற்றிய பாடலாயினும், உடன்பிறந்தார், மாமியார் மருமகள், அண்டை வீட்டார் அனைவர்க்கும் அது பொருந்தி வருவதைக் காணலாம்.

மனத்தை வெறுமையாக்கு என்று அறிவுரை கூறுவது எளிது. இல்லறத்தார்க்கு அது கைகூடுவது அரிது. அதனினும் எளிய வழி ஒன்று உண்டு. உள்ளத்துள் எதிராளி பேசும் ஒவ்வொரு சொல்லையும், "இதனை அவர் வாயால் கேட்டேனா, நானே வைத்தேனா?" என்று வினவிப் பார்க்கலாம். அடுத்து, அவர்க்காக வழக்குரைக்க ஒரு நல்ல வழக்கறிஞரை அமர்த்தியது போல் எண்ணி, அவர் பக்கத்து நியாயத்தை அவர் சொல்லக்கூடியதைவிடத் திறமாகச் சொல்லிப் பார்க்கலாம். இது கடினமான பயிற்சிதான். இரண்டு வாக்கியங்களுக்குமேல் பலரால் செல்ல இயலாது. அவ்விடத்தில் நாம் அறியாதது எது என்பது தெரிந்துவிடும். அதனை அறிந்துகொள்ளத் தொலைபேசி இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி அவர் வீடும் இருக்கிறது.

மறைந்தவர்களோடு பேசுவது இவற்றினின்று வேறானது. கணவரை இழந்த மூதாட்டி, "இந்த வருஷம் கூரையை மாத்தலாமாங்க?" என்று அவர் படத்தின் முன் கேட்பதைக் கண்டு பிள்ளைகள் கலங்க வேண்டுவதில்லை. துயருற்றோரிடம் பரவலாகக் காணப்படும் இயல்பே அது. ஐம்பதாண்டுப் பழக்கம் ஒரு நாளில் நின்றுவிடுமா?

ஆனால், பேச்சு தம்முடையது என்ற உணர்வு நீங்கி, வெளியிலிருந்து எவரோ பேசுவதாகவும் ஏவுவதாகவும் குரல் கேட்குமாயின், அல்லது உள்ளத்து வாதம் உறக்கத்தையும் உணவையும் நாள்தோறும் கெடுக்குமாயின், மனநல மருத்துவரை நாடுவதே முறை. பரிகாரங்களைத் தேடி அலைந்து நாள் கடத்துதல் நன்றன்று. இதற்கென மைய அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி மையத்தை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.