நிறைவும் திகட்டலும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மூர் ஆங்கில ஆசிரியர் ஒருவர் இளைப்பாறியபோது, அவர்க்குரிய வாழ்த்துப் பத்திரத்தைத் தமிழில் யாத்தவன் யான். அதன் ஆங்கில வடிவையும் யானே எழுதத் துணிந்ததுதான் பிழையாயிற்று. 'நிறைந்த பாராட்டு' என்பதற்குச் சொல் தேடினேன். 'ஃபுல்' என்பது நிறைவு, 'சம்' என்பது விகுதி. ஆகவே 'ஃபுல்சம்' நிறைவுடையது எனப் பகுதி விகுதி பிரித்து மகிழ்ந்தேன். பத்திரம் அச்சாகிச் சட்டமிடப்பட்டுச் சபையிலே வாசிக்கப்பட்டது. விழா முடிந்தபின் அவர் என் கையைப் பற்றி, "பண்டிதர், உங்கள் பாராட்டுத் திகட்டுமென்று நீங்களே எழுதிவிட்டீர்களே!" என்று சிரித்தார்.

13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல் 'ஏராளமான' என்னும் நற்பொருளே தந்தது. பின்னர் தெவிட்டுவதையும், 17ஆம் நூற்றாண்டளவில் அளவிறந்த முகத்துதியையும் சுட்டலாயிற்று. நறுமணத்துக்கு வழங்கிய நம் 'நாற்றம்' உற்ற கதியும் இஃதே. பழைய நற்பொருளில் அதனை ஆள்வோர் இன்று மீண்டும் உளர். எனினும், இருபொருட்பட நிற்பதொன்றை வாழ்த்தினுள் வைத்தேனே!

அன்றுதொட்டு அச்சொல்லின் சுற்றத்தாரையும் ஆராயலானேன். 'ஃபுல்' என்பது இருக்கும் நிலை. 'ஃபில்ட்' என்பது நிரப்புதற் செயலின் பயன். ஆதலின் முழுமதியை ஆங்கிலேயர் 'ஃபுல்' என்பரேயன்றி 'ஃபில்ட்' என்னார். நாமும் வாயிலில் வைப்பதை நிறைகுடம் என்கிறோம். நிரப்பிய குடம் என்பதில்லை. 'கொம்ப்ளீற்' என்பது உறுப்புக் குறையாமை. புத்தக அலுமாரி இடமின்றி 'ஃபுல்' ஆயிருக்கலாம். பத்துத் தொகுதி கொண்ட நூலில் ஒன்று இரவல் போய்த் திரும்பாவிடின் அந்நூல் 'கொம்ப்ளீற்' அன்று. (என் அலுமாரியின் நிலை அதுவே.) 'றிப்ளீற்' என்பதோ உண்டு நிறைந்தவனுக்கும், ஒன்று மலிந்து கிடக்கும் இடத்துக்கும் உரியது.

இவற்றுட் பின்னிரண்டும் நிரப்புதலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தவை. அவ்வடியும், 'ஃபுல்' என்பதும், வடமொழிப் 'பூர்ண'மும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின என்பர் மொழிநூலார். உடன்பிறந்தும் ஒன்றன் இருக்கையில் மற்றொன்று அமராது. நம் தொல்காப்பிய உரியியலும் 'கமம்' என்பதற்கு நிறைவென்று பொருள் கூறும். ஈழத்து வழக்கில் கமம் என்றால் வேளாண்மை. இரண்டும் ஒரு சொல்லோ என்பது தனிக் கட்டுரைக்குரியது.

அந்த வாழ்த்துப் பத்திரம் இன்றும் அவர் வீட்டு முன்விறாந்தையில் தொங்குகிறது. திருத்தி அச்சிட்டுத் தருவதாக இருமுறை வேண்டினேன், அவர் இசைந்தாரில்லை.