சட்டைக்கை சொல்லும் சேதி!

குட்டி நண்பர்களே, அருங்காட்சியகத்தில் பழைய கடற்படைச் சீருடையைக் கண்டால் அதன் கையைப் பாருங்கள். அதில் ஒரு கதையே இருக்கும்!

பிரிட்டிஷார் காலத்தில் நம் நாட்டில் இருந்தது 'ராயல் இந்தியன் நேவி'. அதன் மாலுமிகள், தங்கள் தொழிலுக்கான சின்னத்தை வலது கையில் தைத்திருந்தனர்.

பீரங்கி என்றால், பீரங்கி சுடுபவர்.
கப்பலின் அடியில் சுழலும் விசிறி என்றால், இயந்திர அறையில் வேலை.
குறுக்காக இரண்டு கொடிகள் என்றால், கொடி அசைத்துச் செய்தி சொல்பவர்.
சிறகு முளைத்த மின்னலா? கம்பியில்லாத் தந்தி அனுப்புபவர்!

இடது கை, பதவியைச் சொல்லும். ஒற்றை நங்கூரம் என்றால் சிறு குழுவுக்குத் தலைவர். குறுக்காக இரண்டு நங்கூரங்கள், மேலே கிரீடம் என்றால் அவருக்கும் மேலே. அந்தக் கிரீடம் ஒரு நல்ல துப்பு! 1950 ஜனவரி 26-ல் நாம் குடியரசானதும், கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது.

'மின்னல்'காரர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பம்பாயில் 'தல்வார்' என்ற தகவல் தொடர்புப் பயிற்சி நிலையம் இருந்தது. மோசமான உணவையும் அவமதிப்பையும் எதிர்த்து, 1946 பிப்ரவரி 18-ல் அங்கிருந்த மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பியில்லாத் தந்தியில் செய்தி பறந்தது. சில நாட்களில் கராச்சி, கல்கத்தா, சென்னை என்று போராட்டம் பரவியது. ஆங்கில அரசு ஆடிப்போனது!

சரி, ஒரு புதிர்: வலது கையில் குறுக்குக் கொடிகள், இடது கையில் ஒற்றை நங்கூரம். இவர் யார்? கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!